வேலை செய்ய வைக்கிறது துட்டு மட்டும்தானா?

ஏப்ரல் 5, வாசகர் கேள்வி

வியாசர்பாடியில் சின்ன பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு பசங்க வேலைக்கு. சம்பளம் ஏத்தினால் ஒரு மாசம் பறக்கிறான், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ஏத்தலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறான். மனுஷன் துட்டுக்குத்தான் வேலை செய்றான்னு நான் சொல்றேன், என் மாமனார் இல்லைங்கிறார். நம்ம ஏரியாக்காரங்க யாராவது நேரா பதில் சொல்லுங்க.

ஏப்ரல் 5, இரவு

உங்கள் மாமனாருக்கு பென்ஷன் வருகிறதா? மாசம் பிறந்தால் அக்கவுண்டில் விழுகிறவர்கள்தான் துட்டு பெரிசில்லை என்று அடித்துச் சொல்வார்கள்.

நான் திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினேன். சம்பளம் வாங்கியும் பார்த்தாச்சு, கொடுத்தும் பார்க்கிறேன். துட்டுக்குத்தான். இப்போதைக்கு இவ்வளவுதான், கண் சொருகுகிறது.

ஏப்ரல் 6

காலையில் டீ வந்தபோது பட்டறையில் கேட்டேன்: "லாட்டரியில கோடி ரூபா விழுந்தா நாளைக்கு வேலைக்கு வருவீங்களா?"

ஹெல்ப்பர்: "வருவேன் சார். ஆனா லேட்டா வருவேன்."

பெரிய டர்னர்: "வருவேன். ஆனா வாஷர் வெட்ட மாட்டேன்."

சின்னவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே: "முதல்ல குடு, அப்பால சொல்றேன்."

நேற்று எழுதியதை இதை வைத்துக்கொண்டு திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. டர்னர் சொன்னது விளையாட்டில்லை. பம்ப் ஷாஃப்ட் வேலை வந்தால் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவார். முடித்ததும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை மைக்ரோமீட்டர் வைப்பார். அதே ஆள்தான் சனிக்கிழமை ஓ.டி. கணக்கில் அரை மணி நேரம் விட்டுப்போனால் நோட்டைத் திருப்பிக் காட்டுகிறவர். இந்த ரெண்டில் எது உண்மையான அவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரெண்டும் ஒரே கைதான் செய்கிறது.

ஏப்ரல் 8

ஆட்டோ உதாரணம் ஒருத்தர் கேட்டிருந்தார். எங்கள் தெருவில் வாடகை வண்டி ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். காலையில் கிளம்பும்போதே மனசில் ஒரு தொகை வைத்திருப்பார்: வண்டி வாடகை, கேஸ், வீட்டுக்கு இவ்வளவு. அது வந்துவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கே லுங்கியோடு திண்ணையில் குந்திவிடுவார். மழை நாளில் சவாரி குவியும், தொகை சீக்கிரம் தேறிவிடும், அன்றைக்குத்தான் சீக்கிரம் வீடு. வராத நாளில் ராத்திரி பதினொன்று வரை அலைவார். துட்டுதான் விரட்டுகிறது என்றால் மழை நாளில்தானே கூட ஓட்டணும்?

இதையே நியூயார்க் டாக்சிக்காரர்களை வைத்து 1997-இல் காமரர் முதலான பொருளாதாரக்காரர்கள் எழுதினார்கள்: அன்றைய இலக்கு எட்டியதும் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று. அப்புறம் ஃபார்பர் என்பவர் வேறு கணக்குகளைத் தோண்டி, பெரும்பாலும் அப்படி இல்லை, வருமானம் கூடும் நேரத்தில் கூடத்தான் ஓட்டுகிறார்கள் என்று மறுத்தார். சண்டை பல வருஷம் ஓடியது. எங்கள் தெருக்காரரிடம் சொன்னேன். "அவங்களுக்கு வேற வேலை இல்லையா சார்" என்றார்.

ஏப்ரல் 11

காசிமேடு பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. என் மச்சான் விசைப்படகில் போகிறவர். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிப்பதற்குள் கடைசி டிரிப் வந்து சேரணும் என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படகில் மாசச் சம்பளம் கிடையாது, பங்குதான். பிடித்த மீனை விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் ஓனருக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம். ஆட்கள் பாகத்தில் ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல். வலை கிழிந்தால் எல்லாருக்கும் நஷ்டம், வஞ்சிரம் வந்தால் எல்லாருக்கும் சிரிப்பு. அதனால் நடுக்கடலில் ராத்திரி ரெண்டு மணிக்கு வலை வலிக்க யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை என்கிறார் மச்சான். சூப்பர்வைசர் இல்லாத ஒரே கம்பெனி அதுதான். கம்பெனியில் என்னை வேலை செய்ய வைக்க போர்மேன் ஒருத்தர், அந்த போர்மேனை மேய்க்க இன்னொருத்தர் என்று இருந்தார்கள். ரெண்டு இடத்திலும் துட்டுதான். ஆனால் ஒன்றில் அது கூலி, இன்னொன்றில் பங்கு. இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி வருகிறது, யார் கையிலிருந்து வருகிறது, எப்போது வருகிறது.

ஏப்ரல் 12

"டீசல் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று உங்கள் மச்சானைக் கேளுங்கள்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். கேட்டேன். ரெண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேசினது இங்கே எழுத முடியாது.

சரி, பங்கு என்றாலும் செலவுக் கணக்கு ஓனர் நோட்டில்தான் இருக்கிறது. போதாததற்கு சீசன் ஆரம்பத்தில் வாங்கின அட்வான்ஸ். அட்வான்ஸ் தீராமல் வேறு படகுக்குப் போக முடியாது. ஒரே ஆள், ஒரே வேலை. பங்கு இழுக்கிறது, அட்வான்ஸ் கட்டிப்போடுகிறது. நேற்று நான் எழுதினதில் கொஞ்சம் உப்புக்காற்று மயக்கம் இருந்தது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

ஏப்ரல் 13

கேள்வி கேட்டவருக்கு: இன்சென்டிவ் போடலாமா என்கிறீர்கள். போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

நான் இருந்த கம்பெனியில் ஒரு சமயம் ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் தாண்டினால் பீஸுக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதினார்கள். முதல் வாரம் திருவிழா. ரெண்டாவது மாசம் ஸ்டோரில் ரிஜெக்ட் மலை மாதிரி குவிந்தது. மெஷினுக்கு எண்ணெய் விட நிற்கிறவன் ஏமாளி. புதுப் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தால் நம் எண்ணிக்கை குறையும், அதனால் அவன் பக்கமே யாரும் திரும்பவில்லை. சுதாரித்துக்கொண்டு நிர்வாகம் இன்சென்டிவை எடுத்துவிட்டது. அப்போதுதான் வேடிக்கை: எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பவில்லை, அதற்கும் கீழே போய் நின்றது. முன்பு சும்மா செய்ததற்கு இப்போது ஒரு விலை தெரிந்துவிட்டதே.

பெரிய தொகை வைத்தால் கை நடுங்கும் என்பதற்கு மதுரைப் பக்கமே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. டான் அரியலி, யூரி நீசி முதலானோர் செய்து 2009-இல் வெளியிட்டது. நினைவாற்றல், கைத்திறன் விளையாட்டுகள். சிலருக்கு ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சம் 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. ஆறு விளையாட்டு, 400 என்றால் மொத்தம் 2,400 வரை போகலாம். கிராமத்தில் அது அப்போது மாசக்கணக்கான செலவு. 400 வைக்கப்பட்டவர்கள்தான் மோசமாக ஆடினார்கள். அரியலியின் பெயரைக் கேட்டாலே சிலர் முறைப்பார்கள் என்று தெரியும். நேர்மை பற்றிய அவருடைய வேறொரு கட்டுரை, தரவு ஜோடிக்கப்பட்டது என்று 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அது இந்த ஆய்வு இல்லை. ஆனாலும் நான் இதை வேதவாக்காக எடுக்கவில்லை. ரிஜெக்ட் குவியலை என் கண்ணால் பார்த்ததால் நம்புகிறேன்.

ஏப்ரல் 27

இன்றைய தேதிக்காக ஒன்று. 1918-இல் இதே நாளில்தான் பெரம்பூர் பின்னி மில், அதாவது பக்கிங்காம், கர்நாடிக் மில் ஆட்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஆள் திரட்ட, பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் கொண்டுவந்த புகார்களைப் பார்த்தால் கூலி மட்டும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை. மேஸ்திரியும் வெள்ளைக்கார அதிகாரியும் பேசுகிற பேச்சு, கை நீட்டுகிற வழக்கம். இந்தச் சாப்பாட்டு நேரம் என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. மெஷின் நின்றதும் ஓடி, கை கழுவி, கூட்டத்தில் இடம் பிடித்து, சோறு தின்று, மறுபடி கேட்டுக்கு ஓடி வர வேண்டும். அதில் கூட ஒரு பத்து நிமிஷம் கிடைக்காதா என்று கேட்கத்தான் சங்கம் தேவைப்பட்டது.

மில்காரர்கள் வாடியா மேல் ஹைகோர்ட்டில் கேஸ் போட்டார்கள், தடையுத்தரவும் வாங்கினார்கள். சங்கம் வைத்ததற்கே இப்படி மாட்டிவிடலாம் என்றால் சட்டம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்துதான் சூடு பிடித்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் தனிக்கதை. அதில் சாதி வந்து குறுக்கே நின்றது. அதை நாலு வரியில் எழுதினால் அநியாயம்.

மில் 1996-இல் மூடிவிட்டது.

மே 4

"சம்பளத்தை டபுளாக்கிப் பாருங்கள், எல்லாத் தத்துவமும் ஓடிவிடும்" என்று ஒருவர். கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு செய்தார். 1914 ஜனவரியில் எட்டு மணி நேரத்துக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், இருந்ததுபோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுவரை ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்த இடம் அடங்கியது. கேட்டில் கூட்டம். ஆக, டபுள் வேலை செய்யும்.

கூடவே ஃபோர்டு ஒரு இலாகாவும் வைத்தார். வீட்டுக்கு வந்து குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமா என்று பார்த்துத்தான் அந்தத் தொகையை முழுசாகக் கொடுப்பார்கள். துட்டு கொடுத்தவர் மூக்கையும் நீட்டினார். என் ஆட்கள் வீட்டுக்கு நான் போய் அப்படி நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 10

திசை மாறுகிறது, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. கேரம்.

எங்கள் பக்கம் தெருமுனை கேரம் கிளப்புகளில் ராத்திரி பதினோரு மணிக்கும் பல்பு எரியும். பகலில் மூட்டை தூக்கினவன், டெலிவரி ஓட்டினவன் எல்லாம் அங்கே முதுகு வளைத்து நிற்பான். யார் கூலி கொடுத்தது? அதையே "துட்டில்லாமலும் மனுஷன் உழைப்பான்" என்பதற்கு ஆதாரமாக ஒருவர் மேலே போட்டிருக்கிறார்.

பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்த கிளப்புகளில் நிற்கிற நல்ல ஆட்டக்காரன் மனசில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை என்ற ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஐ.சி.எஃப்., அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதன் கேட் பெரம்பூர்ப் பையனுக்கு வெறும் கேட் இல்லை. மரிய இருதயம் கேரமில் உலக சாம்பியனாகி 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியது பசங்களுக்கு மனப்பாடம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூணு தங்கம் வாங்கினார். அரசு 1 கோடி கொடுத்தது. அதற்கப்புறம் பெண் பிள்ளைகளை போர்டு முன்னால் நிறுத்தும் அப்பாக்களைப் பார்க்கிறேன். அதில் தப்பு காண எனக்கு வாயில்லை.

ஆனால் ஒரு பழைய ஆய்வு உறுத்துகிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூணு பேரும் படம் வரையப் பிரியப்படும் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லாமல் முடிவில் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வரைவதில் ஆசை குறைந்திருந்தது. சொல்லாமல் கொடுத்த பரிசு ஆசையைக் குறைக்கவில்லை. மறுபடி அதேதான்: எப்படி வந்தது.

கிளப்பில் பந்தயம் கட்டி ஆடுகிற நாளில் ஆட்டம் கெட்டுப்போகும். சிவப்புக் காயை விட்டுவிட்டு சண்டையைப் போடுவார்கள்.

மே 18

தண்டல், அதாவது தினமும் வந்து வசூலிக்கிற கடன், அதைப் பற்றி யாருமே எழுதவில்லையே. 10,000 என்று பெயர், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார், நாளுக்கு 100 வீதம் நூறு நாள். தண்டல்காரர் பைக் சத்தம் கேட்டால் சின்னவன் பாத்ரூம் போய்விடுவான். அப்படிப்பட்ட நாளில் அவன் போட்ட த்ரெட்டை நான் தனியாக எடுத்து வைத்துச் சோதிப்பேன். கை இங்கே, காது தெருவில்.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கிறவர்களை வைத்து சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன் முதலானோர் இதைத்தான் சோதித்தார்கள். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி, மொத்தமாகக் கடைசியில். சிலருக்கு மட்டும் ஒரு பகுதியைக் கொஞ்ச நாள் முன்னால் கொடுத்தார்கள். கூலி விகிதம் மாறவில்லை, ஒரு பைசா கூடுதல் இல்லை. வாங்கினவர்கள் கடனை அடைத்தார்கள். அடுத்த நாட்களில் கூடத் தட்டு தைத்தார்கள், தப்பும் குறைந்தது. ரொம்ப இல்லாதவர்களிடம் வித்தியாசம் பெரிசாகவே தெரிந்தது.

படித்த பிறகு சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதியைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். வட்டி கொஞ்சம் எனக்குக் கடிக்கிறது, பார்ட்டி பில் பாஸாக நாளாகும். ஆனால் பாத்ரூம் போவது குறைந்திருக்கிறது.

மே 19

மத்தியானம் தூங்கவிட்டால் வேலை கூடுமா, ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், அந்த ஆய்வு நம்ம சென்னையிலேயே நடந்தது. டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தவர்களுக்கு மத்தியானம் அரை மணி நேரம் தூங்க இடம் கொடுத்தால் கவனமும் வேலையின் வேகமும் கூடியது; ராத்திரித் தூக்கத்தைக் கூட்டிப் பார்த்ததில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. 2021-இல் வெளிவந்தது. தூங்கின நேரத்திலும் வேலை செய்திருந்தால் கையில் காசு கொஞ்சம் கூட வந்திருக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் ஹெல்ப்பருக்கு முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

ஜூன் 2

பக்கத்து ஆள் சம்பளம். இதுதான் பட்டறைகளைக் கெடுப்பது, குறைந்த சம்பளம் கெடுப்பதைவிட.

நான் இருந்த கம்பெனியில் பர்மனென்ட் ஒரு நிற ஹெல்மெட், கான்ட்ராக்ட் வேறு நிறம். ஒரே வால்வை ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ரெண்டு பேர் இறுக்குவார்கள். ஒருத்தருக்கு மற்றவரைப்போல் மூணு மடங்கு. கேன்டீனில் வரிசையும் தனி. தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு ஓடும், சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. பர்மனென்ட்டு 20 கேட்டு கேட்டில் நிற்பார். கான்ட்ராக்ட் பையன் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவான். அந்த வாரம் அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

பிரேசா, கௌர், ஷம்தசானி மூணு பேரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இதுவும் ஒடிசாதான். மூணு மூணு பேராக உட்கார வைத்துப் பொருள் செய்யச் சொன்னார்கள். சில குழுவில் எல்லாருக்கும் ஒரே கூலி, சில குழுவில் ஆளுக்கு ஒன்று. தன்னைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கூட என்று தெரிந்தவர்கள் வேலையைக் குறைத்தார்கள். அதோடு நிற்கவில்லை, வேலைக்கு வருவதையே குறைத்தார்கள், வந்தால் கிடைக்கிற அன்றைய கூலியையும் விட்டுவிட்டு. துட்டுக்காகத்தான் எல்லாம் என்றால் இது ஏன்? ஆனால் பக்கத்து ஆள் தன்னைவிட அதிகம் செய்கிறான் என்று கண்ணெதிரே தெரிந்த இடத்தில் இந்தக் கோபம் எழவில்லை.

பிரின்டிங் கடைக்காரரே, உங்கள் பசங்க ரெண்டு பேரில் யாருக்கு எவ்வளவு, ஏன் என்று அவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியுமா?

ஜூன் 3

அவர் பதில்: "ஒருத்தன் என் மச்சினன்."

இதை ஏப்ரல் 5-ஆம் தேதியே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 8

பெரியம்மா பற்றி. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுபது தாண்டிவிட்டது, இன்னும் கூடை எடுக்கிறாள். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலத்தில் நின்று, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கடை. பிள்ளைகள் ரெண்டு பேரும் நல்ல நிலைமை. மாசா மாசம் அவள் சம்பாதிப்பதைவிட அதிகமாகவே தருகிறேன், உட்காரம்மா என்கிறான் பெரியவன். தடைக்காலத்தில் மீன் கிடைப்பது குறைச்சல், தடை இல்லாத ஃபைபர் படகு மீனுக்கு விலை எகிறும், நஷ்டத்துக்குக்கூட விற்கிறாள்.

போன வாரம் நான் நேராகவே கேட்டேன். "அவன் குடுக்கறது அவன் குடுக்கறதுடா. மருமவ கணக்கு கேப்பா. இது என் துட்டு. பேத்திக்கு வளையல் வாங்கினா ஏன்னு கேக்க ஆளில்ல." சுருக்குப்பையைத் தட்டிக்காட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வீட்டில் இருந்தால் நாள் முழுக்க டி.வி. சத்தமாம், அதற்கு ஏலச் சத்தமே மேல் என்றாள்.

துட்டு முக்கியமில்லை என்கிறவர்களும், துட்டு மட்டும்தான் என்கிறவர்களும் இவளை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை. தொகையைப் பார்த்தால் கூடை தோற்கிறது. அவளுக்கோ அது துட்டேதான்.

ஜூன் 16

படகுகள் போய்விட்டன. தடைக்கால நிவாரணம் 8,000-ஐ மச்சான் வீட்டில் எப்போதோ தின்று தீர்த்தாச்சு. இந்த சீசன் அட்வான்ஸ் வாங்கவில்லையாம், டீசல் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடச் சொல்லியிருக்கிறார்களாம். ஓனர் ஒத்துக்கொண்டாரா என்றால் "பாக்கலாம்" என்கிறார்.

பட்டறையில் பெரிய டர்னர் ஒரு யோசனையோடு வந்தார். அடுத்த பம்ப் ஷாஃப்ட் ஆர்டரில் கூலி வேண்டாம், மெட்டீரியல், கரண்டு போக மிச்சத்தில் பங்கு வேண்டுமாம். இந்த இழையை அவர் படிக்கிறாரோ என்று சந்தேகம். அப்படியானால் கரண்டு பில்லை நான் அவரிடம் காட்டணும். ஆயுத பூஜைக்குள் பேசி முடிக்கலாம் என்றேன். "அது அக்டோபர் சார், ஆர்டர் அடுத்த வாரம்" என்றார்.